செருமனி – கிரேக்க உறவுகள்

செருமனி – கிரேக்க உறவுகள் என்பது செருமனிக்கும் கிரேக்க நாட்டுக்கும் இடையே 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நிலவிவரும் அரசியல், பொருளாதார, பண்பாட்டுத் தொடர்புகளைக் குறிக்கும். இரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியம், யூரோ வலயம், நேட்டோ ஆகியவற்றின் உறுப்பு நாடுகள். தற்காலக் கிரேக்கத்தின் முதல் அரசர் ஒரு செருமானியர். கிரேக்க நாட்டுக்குப் பேரழிவை ஏற்படுத்திய படைகளுள் ஒன்றும் செருமானியப் படையே. 2010 இல் கிரேக்கம் கடன் நெருக்கடியில் சிக்கியபோது மிகுதியான கடனுதவி அளித்த நாடும் செருமனியே.

இவ்வுறவின் வரலாறு முழுவதிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: யார் யாருக்குக் கடன்பட்டவர்? செருமானிய மொழியில் குற்றத்தைக் குறிக்கும் 'ஷுல்ட்' என்ற சொல்லே பன்மையில் 'ஷுல்டன்' என்று பணக்கடனைக் குறிக்கிறது. தமிழில் கடன் என்ற சொல் வாங்கிய பணத்தையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிப்பதை இதனுடன் ஒப்பிடலாம். இரு நாடுகளுக்கும் இடையே இன்றும் தீராமல் இருக்கும் போர் இழப்பீட்டுச் சிக்கலில் இந்த இரண்டு பொருள்களும் கலந்தே உள்ளன.

பின்னணி

1871 இல்தான் செருமனி ஒரே நாடாக ஒன்றிணைந்தது. அதற்கு முன் அது பிரசியா, பவேரியா, சாக்சனி முதலிய பல அரசுகளாகப் பிரிந்திருந்தது. கிரேக்கமோ 15 ஆம் நூற்றாண்டு முதல் உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. எனவே தொடக்கக் காலத் தொடர்பு அரசுகளுக்கு இடையிலானதாக அமையவில்லை. அது செருமானிய அறிஞர்கள் பண்டைய கிரேக்கத்தின்மீது கொண்ட பற்றாகவே இருந்தது.

இப்பற்றுக்கு அடித்தளம் இட்டவர் யோகான் யோவாகிம் விங்கெல்மான் (1717–1768). பண்டைக் கலையின் வரலாறு பற்றி 1764 இல் அவர் வெளியிட்ட நூல், கிரேக்கச் சிற்பங்களே அழகின் அளவுகோல் என்ற எண்ணத்தைச் செருமனி எங்கும் பரப்பியது. அவர் ஒருமுறைகூடக் கிரேக்க நாட்டுக்குச் சென்றதில்லை. உரோமையில் இருந்த சிற்பங்களைக் கொண்டே எழுதினார். கெத்தே, சில்லர், ஓல்டர்லின் ஆகிய கவிஞர்களும் இதே ஈடுபாட்டைக் கொண்டிருந்தனர். செருமானியப் பள்ளிகளில் பண்டைய கிரேக்க மொழி கட்டாயப் பாடமாக இடம்பெறத் தொடங்கியது.

1821 இல் கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியதும் செருமானிய நகரங்களில் உதவிக் குழுக்கள் தோன்றின. தன்னார்வலர்கள் பலர் கப்பலேறிச் சென்று போரிட்டனர். 1822 சூலையில் பேத்தா என்னுமிடத்தில் நடந்த சண்டையில் வெளிநாட்டுத் தன்னார்வலர் படை பெரும்பாலும் அழிந்தது. இறந்தவர்களில் செருமானியர் பலர். நூல்களில் படித்த பண்டைக் கிரேக்கர்களைத் தேடிச் சென்றவர்கள், வறுமையிலும் உட்பகையிலும் உழன்ற உழவர்களையும் மலைவாழ் போர்வீரர்களையும் அங்கே கண்டனர். கற்பனைக் கிரேக்கத்துக்கும் உண்மைக் கிரேக்கத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி பின்வந்த காலங்களிலும் தொடர்ந்தது.

பவேரிய அரசர் ஓட்டோ

விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் தலைவர் இயோவானிசு கப்போதிஸ்திரியாசு 1831 இல் கொலை செய்யப்பட்டார். நாட்டில் குழப்பம் நிலவியது. பிரித்தானியா, பிரான்சு, உருசியா ஆகிய மூன்று வல்லரசுகளும் 1832 மே மாதம் இலண்டனில் கூடிக் கிரேக்கத்துக்கு ஓர் அரசரைத் தேர்ந்தெடுத்தன. பவேரிய அரசர் முதலாம் லுட்விக்கின் இரண்டாம் மகன் ஓட்டோவே அவர். லுட்விக் தீவிர கிரேக்கப் பற்றாளர். பவேரியாவின் செருமானியப் பெயரை எழுதும்போது கிரேக்க எழுத்தான இப்சிலானைப் பயன்படுத்தவேண்டும் என்று 1825 இல் ஆணையிட்டவர் அவர்.

1833 பிப்ரவரியில் ஓட்டோ நவ்பிலியோ துறைமுகத்தில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 17. அவருடன் சுமார் 3,500 பவேரியப் படைவீரர்களும் வந்தனர். அவர் உரிய வயதை அடையும்வரை ஆர்மன்சுபெர்க், மௌரர், எய்டெக் ஆகிய மூன்று பவேரியர்கள் கொண்ட ஆட்சிக்குழு நாட்டை ஆண்டது. சட்டத் தொகுப்புகள், நீதிமன்றங்கள், பள்ளிகள், மாவட்ட நிருவாகம் ஆகியவை இக்காலத்தில் உருவாயின. 1837 இல் ஏதென்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. எனினும் உயர் பதவிகளில் பவேரியர்களே அமர்ந்ததாலும், விடுதலைப் போரில் போரிட்டவர்கள் ஒதுக்கப்பட்டதாலும் மக்கள் வெறுப்படைந்தனர். கிரேக்கர்கள் இக்காலத்தை 'பவேரியர் ஆட்சி' என்று கசப்புடன் குறிப்பிடுகின்றனர்.

1834 இல் தலைநகர் நவ்பிலியோவிலிருந்து ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. அப்போது ஏதென்ஸ் போரில் சிதைந்த சிற்றூராகவே இருந்தது. பிரசியாவைச் சேர்ந்த சவுபெர்ட்டும் கிரேக்கரான கிளியாந்திசும் புதிய நகரின் வரைபடத்தை உருவாக்கினர். பவேரியக் கட்டடக் கலைஞர் லியோ வொன் கிளென்சு அதைத் திருத்தியமைத்தார். பிரீட்ரிக் வொன் கேர்ட்னர் அரண்மனையைக் கட்டினார். அந்த அரண்மனையே இன்று கிரேக்க நாடாளுமன்றம்.

கிரேக்கக் கொடியின் நீலமும் வெள்ளையும் பவேரியாவிலிருந்து வந்தவை என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. ஓட்டோ வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1822 இல், விடுதலைப் போராளிகள் இந்நிறங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டனர்.

ஓட்டோவின் ஆட்சி தொடக்கம் முதலே கடனில் நடந்தது. மூன்று வல்லரசுகளின் பொறுப்புறுதியுடன் 6 கோடி பிராங்கு கடன் பெறப்பட்டது. அதில் பெரும்பகுதி உதுமானியப் பேரரசுக்குத் தரவேண்டிய ஈட்டுத்தொகைக்கும், பவேரியப் படையின் செலவுக்கும், பழைய கடனின் வட்டிக்கும் போயிற்று. 1843 இல் தவணை கட்ட முடியாத நிலை ஏற்பட்டது. கடன் கொடுத்த நாடுகள் அரசுச் செலவைக் குறைக்குமாறு வற்புறுத்தின. அதிகாரிகளின் ஊதியம் குறைக்கப்பட்டது, பணியாளர்கள் நீக்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று படைவீரர்களும் பொதுமக்களும் அரண்மனை முன் திரண்டு அரசியலமைப்புச் சட்டம் கோரினர். ஓட்டோ பணிந்தார். அரண்மனைக்கு எதிரே உள்ள திடல் அன்று முதல் 'சிந்தக்மா', அதாவது அரசியலமைப்புத் திடல் எனப் பெயர் பெற்றது.

1862 இல் மற்றொரு கிளர்ச்சியில் ஓட்டோ பதவியிழந்தார். 1867 இல் பவேரியாவின் பாம்பெர்க் நகரில் இறந்தார். நாடு கடந்து வாழ்ந்தபோதும் அவர் கிரேக்க மரபு உடையையே அணிந்துவந்தார்.

ஒலிம்பியா உடன்படிக்கை

1874 இல் செருமானியப் பேரரசும் கிரேக்கமும் செய்துகொண்ட ஒலிம்பியா உடன்படிக்கை தொல்லியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பிற நாடுகளில் அகழ்ந்தெடுத்த பொருட்களைத் தம் அருங்காட்சியகங்களுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். இவ்வுடன்படிக்கையோ வேறுவிதமாக அமைந்தது. அகழாய்வுச் செலவைச் செருமனி ஏற்கும். கிடைக்கும் பொருட்கள் அனைத்தும் கிரேக்கத்துக்கே உரியவை. செருமனிக்கு அச்சுப் படிகள் எடுக்கும் உரிமையும் ஆய்வு முடிவுகளை வெளியிடும் உரிமையும் உண்டு.

எர்ன்ஸ்ட் கூர்ட்டியசின் தலைமையில் 1875 இல் அகழாய்வு தொடங்கியது. சேயுசு கோயில் சிற்பங்களும், 1877 இல் புகழ்பெற்ற எர்மெசு சிலையும் வெளிப்பட்டன. அவை இன்றும் ஒலிம்பியா அருங்காட்சியகத்திலேயே உள்ளன. 1874 இல் ஏதென்சில் நிறுவப்பட்ட செருமானியத் தொல்லியல் நிறுவனம் இன்றுவரை இயங்கிவருகிறது. மைசீனியில் 1876 இல் அகழாய்வு செய்த ஐன்ரிக் சிலீமானின் ஏதென்ஸ் இல்லம் இப்போது நாணயவியல் அருங்காட்சியகமாக உள்ளது.

முதல் உலகப் போர்

செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லெமின் தங்கை சோபியா, 1889 இல் கிரேக்க இளவரசர் கான்ஸ்டன்டைனை மணந்தார். 1914 இல் போர் மூண்டபோது அரசராக இருந்த கான்ஸ்டன்டைன் நடுநிலையை விரும்பினார். பிரதமர் எலெப்தெரியோசு வெனிசெலோசு நேச நாடுகளுடன் சேர விரும்பினார். இம்முரண்பாடு நாட்டையே இரண்டாகப் பிளந்தது. 1917 இல் நேச நாடுகளின் நெருக்குதலால் அரசர் நாட்டைவிட்டு வெளியேற, கிரேக்கம் செருமனிக்கு எதிராகப் போரில் இறங்கியது. எனினும் போருக்குப் பின் வணிகம் மீண்டும் வளர்ந்தது. 1930களில் கிரேக்கப் புகையிலையின் மிகப் பெரிய சந்தை செருமனியே.

செருமானிய ஆக்கிரமிப்பு (1941–1944)

1940 அக்டோபர் 28 அன்று இத்தாலி கிரேக்கத்தின்மீது படையெடுத்தது. கிரேக்கப் படைகள் அதை அல்பேனியா வரை பின்தள்ளின. கூட்டாளியைக் காப்பாற்றவும், பிரித்தானியப் படை அங்குக் காலூன்றுவதைத் தடுக்கவும் 1941 ஏப்ரல் 6 அன்று செருமனி தாக்குதலைத் தொடங்கியது. ஏப்ரல் 27 அன்று செருமானியப் படை ஏதென்சுக்குள் நுழைந்தது. மே 20 அன்று கிரீட் தீவில் வான்குடைப் படை இறங்கியது. அங்குப் பொதுமக்களும் கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்தனர். மே 30 இரவு மனோலிசு கிளேசோசு, அப்போசுதோலோசு சாந்தாசு என்ற இரு இளைஞர்கள் அக்ரோபொலிசு மீதேறிச் செருமானியக் கொடியை இறக்கினர்.

நாடு செருமனி, இத்தாலி, பல்கேரியா ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டது. ஏதென்ஸ், தெசலோனிக்கி, கிரீட்டின் பெரும்பகுதி ஆகிய முதன்மை இடங்கள் செருமனியின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபின் அதன் பகுதிகளும் செருமனியின் கைக்கு வந்தன.

பஞ்சம்

ஆக்கிரமிப்புப் படைகள் உணவையும் எரிபொருளையும் கைப்பற்றின. தானியம் விளையும் வடக்குப் பகுதிகள் பல்கேரியாவிடம் இருந்தன. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் இறக்குமதி நின்றது. 1941–42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பசியால் விழுந்து இறந்தனர். ஆக்கிரமிப்புக் காலம் முழுவதிலும் பஞ்சத்தாலும் அதன் விளைவுகளாலும் 3 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. 1942 இல் முற்றுகை தளர்த்தப்பட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகச் சுவீடன் கப்பல்களில் கோதுமை வந்தபின் நிலைமை ஓரளவு சீரடைந்தது. இன்று உலகறிந்த ஆக்சுபாம் தொண்டு நிறுவனம், இப்பஞ்சத்துக்கு உதவுவதற்காகவே 1942 இல் ஆக்சுபோர்டில் தொடங்கப்பட்டது.

படுகொலைகள்

எதிர்ப்பியக்கத்தின் தாக்குதலுக்குப் பழிவாங்க ஊர்களை எரிப்பதும் பொதுமக்களைச் சுட்டுக் கொல்வதும் செருமானியப் படையின் நடைமுறையாக இருந்தன. அவற்றுள் சில:

1941 சூன் 3: கிரீட்டின் கந்தனோசு ஊர் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்வூர் இருந்த இடம் இது என்று அறிவிக்கும் பலகைகளும் நடப்பட்டன.

1943 ஆகத்து 16: வடமேற்கில் உள்ள கொம்மெனோ ஊரில் 317 பேர் கொல்லப்பட்டனர்.

1943 திசம்பர் 13: பெலொப்பொனேசில் உள்ள கலவ்ரித்தாவில், கெரில்லாக்கள் தாங்கள் சிறைபிடித்திருந்த செருமானிய வீரர்களைக் கொன்றதற்குப் பழியாக, ஊரின் ஆண்களும் சிறுவர்களும் சுமார் 500 பேர் ஊருக்கு வெளியே சுடப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் பள்ளிக்கூடத்தில் அடைக்கப்பட்டனர். கட்டடம் தீப்பற்றியபோது அவர்கள் தப்பி வெளியேறினர். அப்பள்ளிக்கூடமே இன்று நினைவு அருங்காட்சியகம். அன்றைய நேரமான 2:34 இல் நிறுத்தப்பட்ட தேவாலயக் கடிகாரம் இன்றும் அப்படியே உள்ளது.

1944 மே 1: ஏதென்சின் கைசரியானி சுடுதளத்தில் 200 கைதிகள் கொல்லப்பட்டனர்.

1944 சூன் 10: தெல்பிக்கு அருகிலுள்ள திஸ்தோமோவில் எஸ்.எஸ். படையினர் பச்சிளங் குழந்தைகள் உட்பட 218 பேரைக் கொன்றனர்.

யூதர் அழிப்பு

போருக்கு முன் தெசலோனிக்கியில் சுமார் 50,000 யூதர்கள் வாழ்ந்தனர். இவர்களில் பெரும்பாலோர் 1492 இல் எசுப்பானியாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1942 திசம்பரில் அவர்களுடைய பழைமையான கல்லறைத் தோட்டம் அழிக்கப்பட்டது. அந்நிலத்தில்தான் இன்றைய அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் நிற்கிறது. 1943 மார்ச்சு முதல் ஆகத்து வரை 46,000 பேருக்கு மேல் தொடர்வண்டிகளில் அடைக்கப்பட்டு வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அனைவரையும் போல அவர்களில் பெரும்பாலோர் சென்றது அவுசுவிட்சுக்கு. திரும்பியவர் மிகச் சிலரே.

கட்டாயக் கடன்

ஆக்கிரமிப்புப் படையின் செலவை ஆக்கிரமிக்கப்பட்ட நாடே ஏற்கவேண்டும் என்பது அக்காலப் போர் விதி. கிரேக்கத்திடமோ அச்செலவுக்கும் மேலாகப் பணம் கறக்கப்பட்டது. 1942 மார்ச்சில் செருமனியும் இத்தாலியும் உரோமையில் ஓர் உடன்பாடு செய்தன. அதன்படி, படைச் செலவுக்கு மேல் கிரேக்க வங்கி தரும் தொகை வட்டியில்லாக் கடனாகக் கணக்கில் எழுதப்படும். கிரேக்க அரசுக்கு இது பின்னர் அறிவிக்கப்பட்டதேயன்றி, அதன் ஒப்புதல் கேட்கப்படவில்லை. பணத்தாள்கள் அளவின்றி அச்சிடப்பட்டதால் திராக்மா மதிப்பிழந்தது. 1945 தொடக்கத்தில் செருமானிய அதிகாரிகளே தயாரித்த கணக்கில் இக்கடனின் நிலுவை 47.6 கோடி ரைசுமார்க் எனக் காட்டப்பட்டுள்ளது. இந்த எண் பிற்கால வழக்காடல்களின் மையமானது.

போருக்குப் பிந்தைய காலம்

1944 அக்டோபர் 12 அன்று ஏதென்ஸ் விடுதலை பெற்றது. ஆனால் உடனே உள்நாட்டுப் போர் மூண்டு 1949 வரை நீடித்தது. கிரேக்கமும் மேற்கு செருமனியும் பனிப்போரில் ஒரே அணியில் சேர்ந்தன. பழைய கணக்குகளைப் பேசுவது இரு அரசுகளுக்கும் வசதியாக இல்லை.

1953 பிப்ரவரியில் கையெழுத்தான இலண்டன் கடன் உடன்படிக்கையில் மேற்கு செருமனியின் போருக்கு முந்தைய, பிந்தைய கடன்களில் ஏறத்தாழ பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. கடன் கொடுத்தோர் தரப்பில் கையெழுத்திட்ட நாடுகளுள் கிரேக்கமும் ஒன்று. போர் இழப்பீடு பற்றிய பேச்சு இறுதித் தீர்வு வரும்வரை தள்ளிவைக்கப்பட்டது. செருமனி இரண்டாகப் பிரிந்திருந்த நிலையில் அந்த இறுதித் தீர்வு எப்போது வரும் என்று எவருக்கும் தெரியவில்லை.

1957 இல் மாக்சு மெர்ட்டன் என்பவர் ஏதென்சில் கைது செய்யப்பட்டார். இவர் ஆக்கிரமிப்பின்போது தெசலோனிக்கியில் செருமானியப் படை நிருவாக அதிகாரியாக இருந்து, யூதர்களின் சொத்துகளைப் பறித்தவர். 1959 இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது கிரேக்கம் மேற்கு செருமனியின் பொருளாதார ஒத்துழைப்பை எதிர்பார்த்திருந்தது. சில மாதங்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டு செருமனிக்கு அனுப்பப்பட்டார்.

1960 மார்ச்சு மாதத்தில் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு உடன்படிக்கைகள் ஏற்பட்டன. மார்ச்சு 18 அன்று, இனம், சமயம், கொள்கை காரணமாக நாசிகளால் துன்புறுத்தப்பட்ட கிரேக்கர்களுக்காக 11.5 கோடி மார்க் தர மேற்கு செருமனி ஒப்புக்கொண்டது. மார்ச்சு 30 அன்று, கிரேக்கத் தொழிலாளர்களைச் செருமானிய ஆலைகளுக்கு அழைத்துக்கொள்ளும் உடன்படிக்கை கையெழுத்தானது.

கிரேக்கத் தொழிலாளர்கள்

அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் வட கிரேக்கத்தின் சிற்றூர்களிலிருந்து பல லட்சம் பேர் செருமனிக்குச் சென்றனர். மூன்று நாள் தொடர்வண்டிப் பயணத்துக்குப் பின் மியூனிக் நிலையத்தின் 11 ஆம் நடைமேடையில் இறங்கி, அங்கிருந்து சுடுட்கார்ட்டு, பிராங்க்பர்ட், தூசல்டோர்ப் முதலிய நகரங்களின் ஆலைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். செல்லும் முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். பலர் தம் குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் கிரேக்கப் பொருளாதாரத்தைத் தாங்கிய தூண்களுள் ஒன்று. 1973 இல் செருமனி ஆள் சேர்ப்பை நிறுத்தியது.

1967 முதல் 1974 வரை கிரேக்கத்தில் படைத்துறை ஆட்சி நடந்தது. அப்போது தாய்நாட்டில் தணிக்கை செய்யப்பட்ட செய்திகளைக் கிரேக்க மக்கள் 'டாய்ச்ச வெல்ல' வானொலியின் கிரேக்க ஒலிபரப்பில் இரகசியமாகக் கேட்டனர். இராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் பலர் செருமனியில் அடைக்கலம் பெற்றனர். பின்னாளில் பிரதமரான கோஸ்தாசு சிமித்திசு அங்குப் பேராசிரியராகப் பணியாற்றியவர். குடியரசுத் தலைவரான கரோலோசு பப்பூலியாசு கோல்ன் நகரில் பயின்றவர். இன்று செருமனியில் சுமார் மூன்றரை லட்சம் கிரேக்கக் குடிமக்கள் வாழ்கின்றனர்.

இழப்பீட்டுச் சிக்கல்

1990 இல் இரு செருமனிகளும் இணைந்தபோது, இரண்டு செருமானிய அரசுகளும் நான்கு வெற்றி வல்லரசுகளும் 'இரண்டு கூட்டல் நான்கு' உடன்படிக்கையைச் செய்தன. இதில் இழப்பீடு என்ற சொல்லே இடம்பெறவில்லை. இதன் பின்னரே சிக்கல் வெளிப்படையாக எழுந்தது.

செருமனியின் நிலைப்பாடு: இவ்வுடன்படிக்கை அமைதி உடன்படிக்கைக்கு நிகரானது. அதன்பின் இழப்பீடு கோர இடமில்லை. கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. 1960 இல் தொகையும் கொடுக்கப்பட்டது. கட்டாயக் கடனும் இழப்பீட்டின் ஒரு பகுதியே. அறநெறிப் பொறுப்பை ஏற்கிறோம். சட்டப்படி இவ்விவகாரம் முடிந்துவிட்டது.

கிரேக்கத்தின் நிலைப்பாடு: அவ்வுடன்படிக்கையில் கிரேக்கம் கையெழுத்திடவில்லை. 1953 இல் தள்ளிவைக்கப்பட்டதேயன்றிக் கைவிடப்படவில்லை. 1960 ஆம் ஆண்டுத் தொகை துன்புறுத்தப்பட்ட தனிமனிதர்களுக்கானது. எரிந்த ஊர்களுக்கும் அழிந்த பாலங்களுக்கும் உரியதன்று. கட்டாயக் கடனோ ஒப்பந்தப்படி கணக்கில் எழுதப்பட்ட கடன். போர்க்காலத்திலேயே அதில் ஒரு பகுதி திருப்பிச் செலுத்தப்பட்டது. ஆகவே அது இழப்பீட்டிலிருந்து வேறானது.

நீதிமன்றங்களிலும் இச்சிக்கல் தீரவில்லை. திஸ்தோமோவில் கொல்லப்பட்டோரின் உறவினர்கள் தொடுத்த வழக்கில், 1997 இல் லிவதியா நீதிமன்றம் சுமார் 2.8 கோடி யூரோ மதிப்புள்ள இழப்பீட்டை வழங்கத் தீர்ப்பளித்தது. 2000 இல் கிரேக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏதென்சில் உள்ள செருமானிய அரசின் சொத்துகளை, கெத்தே நிறுவனக் கட்டடம் உட்பட, பறிமுதல் செய்ய முயற்சி நடந்தது. ஆனால் வெளிநாட்டரசின் சொத்தைப் பறிமுதல் செய்யக் கிரேக்க நீதியமைச்சரின் ஒப்புதல் தேவை. அவர் ஒப்புதல் தரவில்லை. வழக்குத் தொடுத்தவர்கள் இத்தாலிய நீதிமன்றங்களை நாடினர். அங்கே அவர்களுக்குச் சாதகமாக முடிவு கிடைக்கவே, செருமனி பன்னாட்டு நீதிமன்றத்தில் இத்தாலிமீது வழக்குத் தொடுத்தது. கிரேக்கமும் அதில் இடையீட்டாளராகச் சேர்ந்தது. ஒரு நாட்டை மற்றொரு நாட்டின் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற மரபு போர்க்குற்ற வழக்குகளுக்கும் பொருந்தும் என 2012 பிப்ரவரி 3 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் நடக்கவில்லை என்று அத்தீர்ப்பு கூறவில்லை. அதை விசாரிக்கும் இடம் அதுவன்று என்றே கூறியது. திஸ்தோமோ மக்களுக்கு வழங்கப்பட்ட தொகை இன்றுவரை கிடைக்கவில்லை.

யூரோ நெருக்கடி

கிரேக்கம் 2001 இல் யூரோவை ஏற்றது. அதன்பின் குறைந்த வட்டியில் கடன் எளிதாகக் கிடைத்தது. 2009 அக்டோபரில் பதவியேற்ற புதிய அரசு, வரவு செலவுப் பற்றாக்குறை முன்பு கூறப்பட்டதைவிட இருமடங்கு என அறிவித்தது. கடன் கொடுப்போர் பின்வாங்கினர். 2010 மே மாதம் யூரோ வலய நாடுகளும் பன்னாட்டு நாணய நிதியமும் 11,000 கோடி யூரோ கடனுதவி அறிவித்தன. நாடுகளுள் மிகப் பெரிய பங்கு செருமனியுடையது. 2012 இல் இரண்டாம் திட்டமும், 2015 இல் 8,600 கோடி யூரோ வரையிலான மூன்றாம் திட்டமும் வந்தன.

கடனுக்கு ஈடாக ஓய்வூதியக் குறைப்பு, ஊதியக் குறைப்பு, வரி உயர்வு, அரசுச் சொத்து விற்பனை ஆகியவை கோரப்பட்டன. 2013 இல் கிரேக்கத்தில் வேலையின்மை 27 விழுக்காட்டை எட்டியது. வந்த பணத்தில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவே சென்றது. அக்கடனைக் கொடுத்தோரில் செருமானிய, பிரெஞ்சு வங்கிகளும் அடங்கும். தங்கள் வரிப்பணம் பிறர் ஊதாரித்தனத்துக்குச் செல்கிறது என்று செருமானியர் பலர் குறைகூறினர். தங்கள் வாழ்வை அயலார் தீர்மானிக்கின்றனர் என்று கிரேக்கர்கள் குமுறினர். இரு நாட்டு இதழ்களும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின. செருமானிய இதழொன்று மிலோசின் அப்ரோடைட்டி சிலை இழிசைகை காட்டுவதுபோல் அட்டைப்படம் வெளியிட்டது. கிரேக்க இதழ்கள் செருமானியத் தலைவர்களுக்கு நாசி உடை அணிவித்தன.

2012 அக்டோபரில் செருமானிய அரசுத் தலைவர் அங்கெலா மெர்க்கெல் ஏதென்ஸ் வந்தபோது பல்லாயிரம் பேர் சிந்தக்மா திடலில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுக்கு எதிரே நின்றது பவேரிய அரசருக்காகக் கட்டப்பட்ட அதே கட்டடம். 1843 இல் எழுந்த கோரிக்கையும் அதே இடத்தில், கடன் தந்தோர் விதித்த சிக்கன நடவடிக்கைகளைத் தொடர்ந்தே எழுந்தது.

2015 சனவரியில் பிரதமரான அலெக்சிசு சிப்ராசு, பதவியேற்ற அன்றே கைசரியானி நினைவிடத்தில் மலர் வைத்தார். 1953 இல் செருமனியின் கடன் தள்ளுபடி செய்யப்பட்டதை அவரது கட்சி நினைவூட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் கிரேக்க நிதித்துறை, செருமனி தரவேண்டிய தொகை 27,870 கோடி யூரோ என்றும், அதில் 1,030 கோடி கட்டாயக் கடனுக்கானது என்றும் அறிவித்தது. சூலை 5 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் கடன் நிபந்தனைகளை நிராகரித்தனர். செருமானிய நிதியமைச்சர் வொல்ப்காங் சொய்பிள, கிரேக்கம் சில காலம் யூரோவிலிருந்து விலகியிருக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். இரவு முழுவதும் நீண்ட உச்சி மாநாட்டுக்குப் பின் சூலை 13 அன்று கிரேக்கம் மேலும் கடுமையான நிபந்தனைகளை ஏற்றது. 2018 ஆகத்தில் உதவித் திட்டம் முடிவடைந்தது. அண்மை ஆண்டுகளில் கிரேக்கம் அக்கடனின் சில பகுதிகளைத் தவணைக்கு முன்பே திருப்பிச் செலுத்திவருகிறது.

நினைவேந்தலும் மன்னிப்பும்

செருமானியக் குடியரசுத் தலைவர்கள் படுகொலை நடந்த ஊர்களுக்குச் சென்று வருத்தம் தெரிவிப்பது படிப்படியாக வழக்கமாயிற்று. 2000 இல் யோகான்னசு ராவ் கலவ்ரித்தாவுக்குச் சென்றார். 2014 மார்ச்சில் யோவாகிம் கவுக், 1943 இல் 80க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட லிங்கியாதெசு மலையூரில் செருமனியின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். 2024 இல் பிராங்கு-வால்டர் சுடைன்மையர் கந்தனோசில் மன்னிப்புக் கேட்டார். எதிர்ப்பியக்க வீரர்கள் உள்ளிட்ட ஒரு சாரார், மன்னிப்புடன் ஈடும் வேண்டும் என்கின்றனர். 2014 இல் செருமனி ஏற்படுத்திய எதிர்கால நிதியம் ஆய்வுகளுக்கும் நினைவிடங்களுக்கும் உதவுகிறது. இரு நாட்டு இளைஞர்களுக்கான பரிமாற்ற அமைப்பு ஒன்று 2021 முதல் செயல்படுகிறது.

வணிகம், சுற்றுலா, விளையாட்டு

கிரேக்கத்தின் முதன்மை வணிகக் கூட்டாளிகளுள் செருமனியும் ஒன்று. ஆண்டுதோறும் மிகுதியாக வரும் சுற்றுலாப் பயணிகளில் செருமானியர் முன்வரிசையில் உள்ளனர். கிரேக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்குகளை 2008 முதல் டாய்ச்ச டெலிகாம் வைத்திருக்கிறது. கோர்பு, உரோட்சு, தெசலோனிக்கி உள்ளிட்ட 14 வட்டார விமான நிலையங்களை 40 ஆண்டுகளுக்கு நடத்தும் உரிமையைப் பிராபோர்ட்டு நிறுவனத்தின் தலைமையிலான குழு 2017 இல் பெற்றது. துருக்கிக்குச் செருமனி நீர்மூழ்கிக் கப்பல் வழங்குவது கிரேக்கத்தின் நீங்காத மனக்குறை.

கால்பந்தில் இரு நாடுகளையும் இணைத்த பெயர் ஓட்டோ ரேகாகல். இச்செருமானியப் பயிற்சியாளரின் கீழ், எவரும் எதிர்பாராத வகையில் கிரேக்க அணி 2004 சூலை 4 அன்று லிசுபனில் போர்த்துகலை 1–0 என வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. இம்முறை வந்த ஓட்டோவைக் கிரேக்கர்கள் கொண்டாடினர்.

இன்றைய நிலை

2019 ஏப்ரலில் கிரேக்க நாடாளுமன்றம் இழப்பீடு கோரத் தீர்மானம் நிறைவேற்றியது. சூன் மாதம் தூதரக வழியாகப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. அக்டோபரில் செருமனி அதை மறுத்தது. அதன்பின் வந்த கிரேக்க அரசும் கோரிக்கையைக் கைவிடவில்லை. ஆயினும் அன்றாட உறவுக்கு அதைத் தடையாக்கவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் இரு நாடுகளும் நெருங்கி ஒத்துழைக்கின்றன. 2010 க்குப் பின் பெற்ற கடனின் ஒவ்வொரு தவணைக்கும் நாளும் தொகையும் குறிக்கப்பட்டுள்ளன. 1942 ஆம் ஆண்டுக் கணக்குக்கு அப்படி நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. படுகொலைகளின்போது குழந்தைகளாக இருந்து உயிர் தப்பியவர்களில் இன்று எஞ்சியிருப்போர் எண்பது வயதைக் கடந்தவர்கள். கலவ்ரித்தாவிலும் திஸ்தோமோவிலும் ஆண்டுதோறும் அந்நாட்களில் இறந்தவர்களின் பெயர்கள் நினைவுகூரப்படுகின்றன.